வீடியோவைப் பார்த்து டைப் செய்தால் பிழை வருவது ஏன்?

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்ட்ராய்டு ஆப் செய்யக் கற்க ஆசை. 8 ஜிபி ரேம் லேப்டாப்பும் ஆண்ட்ராய்டு போனும் இருக்கின்றன. யூடியூபில் பார்த்து அப்படியே டைப் செய்தாலும் பிழை வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த வீடியோ எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு பாடங்கள் சீக்கிரம் பழசாகிவிடும். திரை வடிவமைப்புக்கு எக்ஸ்எம்எல் கோப்பும், நிரலில் 'ஃபைண்ட்வியூபைஐடி'யும் வந்தால் அது பழைய முறை. இப்போதும் வேலை செய்யும். ஆனால் கூகுள் புதிதாகக் கற்றுத்தருவது கோட்லின் என்ற நிரல் மொழியையும், 2021-இல் முதல் நிலையான பதிப்பு வந்த ஜெட்பேக் கம்போஸ் என்ற திரை வடிவமைப்புக் கருவியையும்தான். ஆப்பைக் கட்டமைக்கும் குறிப்புகள் உள்ள கிரேடில் கோப்பில் 'ஜேசென்டர்' என்ற பெயர் இருந்தால் அந்தப் பாடத்தை விட்டுவிடுங்கள். அது ஆயத்த நிரல் தொகுப்புகளை இணையத்தில் வைத்திருந்த கிடங்கு. அதை மூடப்போவதாக 2021-இலேயே அறிவித்துவிட்டார்கள். அதை நம்பிய புராஜெக்ட் 'சிங்க்' ஆகும்போதே, அதாவது தேவையான தொகுப்புகளை இறக்கி இணைக்கும்போதே, நின்றுவிடலாம்.

ஆண்ட்ராய்டு டெவலப்பர்ஸ் தளத்தில் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. இலவசம், நிரல் எழுதியே பழகாதவர்களுக்கானது. பிறந்தநாள் வாழ்த்து அட்டை, பகடை உருட்டும் ஆப், டிப்ஸ் கணக்கிடும் ஆப் என்று படிப்படியாகப் போகும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு சேனல்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் பெரிய நேர விரயம். ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் வீடியோவைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நிரலை மட்டும் பாடத்திலிருந்தே எடுங்கள். கோட்லின் அடிப்படைகளுக்கு எதையும் நிறுவ வேண்டாம், 'கோட்லின் பிளேகிரவுண்ட்' பிரவுசரிலேயே ஓடும்.

8 ஜிபி ரேமில், ஆப் உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடும். எமுலேட்டரையும் (கணினித் திரையில் ஓடும் போலி போன்) திறந்தால் திணறும். உங்கள் போனையே பயன்படுத்துங்கள். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' வரியை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'யூஎஸ்பி டீபக்கிங்'கை இயக்கிவிட்டு கேபிளைச் செருகுங்கள். போன் திரையில் அனுமதி கேட்கும். 'அலவ்' கொடுக்காவிட்டால் ஸ்டூடியோவால் ஆப்பை அனுப்ப முடியாது. போன் தெரியவே இல்லையா? சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள். நிரலை ஆப்பாக மாற்றும் முதல் பில்டுக்கு நிறைய கோப்புகள் இறங்கும். நெட் மெதுவாக இருந்தால் வெகுநேரம் ஆகும். உறைந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: ஆப்பை பிளே ஸ்டோரில் வெளியிட எவ்வளவு செலவாகும்?
- வாசகர், ஓசூர்

பதில்: பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரு முறை கட்டினால் போதும். (ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர், மேக் கணினியும் தேவைப்படும்.) பணத்தைவிட, ஆப்பைச் சோதித்துப் பார்க்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருந்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நடுவில் யாராவது விலகக்கூடும். அதனால் பதினைந்து பேரையாவது சேர்த்துவையுங்கள்.