கோடியக்கரை போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கோடியக்கரை சரணாலயத்துக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். குழுவில் நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

சார், டிசம்பரில் குடும்பத்தோடு போகலாமா? மான், பறவை இரண்டையும் பார்க்க ஆசை.

முடிந்தால் ஜனவரிக்குத் தள்ளிப்போடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், சதுப்பு நிலத்தில் தண்ணீரும் நிற்கும். வலசை வரும் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலம். டிசம்பர்தான் என்றால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையோரமாகத்தான் உள்ளே புகுந்தது. வெளிமான் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

அண்ணா, புள்ளிமானும் இருக்காமே? வெளிமானை எப்படி அடையாளம் காண்பது?

நின்று பார்க்கும் இடமே சொல்லிவிடும். புள்ளிமான் மர நிழலை விடாது. வெளிமான் பேருக்கு ஏற்ற மாதிரி வெட்டவெளியில் நிற்கும். சங்கப் பாடல்களில் இரலை என்று வருவது இதுதான். வளர்ந்த ஆணுக்கு முதுகு கருத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். கொம்பு கயிறு முறுக்கியது போல் மேலே போகும். புள்ளிமானின் கிளைக்கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும், இதன் கொம்பு ஆயுசுக்கும் அதேதான். பெண்மான் வெளிர் பழுப்பு. பெரும்பாலும் கொம்பு இருக்காது.

நடக்கும்போது தரையையும் பாருங்கள். புல்வெளியில் ஓரிடத்தில் மட்டும் புழுக்கை குவிந்து கிடக்கும். மேலே பச்சையாக நாலு, அடியில் காய்ந்து வெளுத்தவை. ஓர் ஆண்மான் தன் எல்லை இது என்று தினமும் அங்கேயே வந்து போட்டதன் அடையாளம் அது. அதைப் பார்த்தால் தள்ளிப் போய் சத்தமில்லாமல் உட்காருங்கள். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரனே வருவான். வண்டியில் துரத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு பதறுகிறது. 1967இல் இந்தச் சரணாலயத்தை அறிவித்ததே இந்த மானைக் காப்பதற்காகத்தான்.

காட்டுக்குள் குதிரைகள் திரிவதைப் படத்தில் பார்த்தேன். காட்டுக் குதிரையா?

இல்லை. மனிதர்கள் வளர்த்த மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. பார்க்க அழகுதான், ஆனால் மான் மேயும் புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. அதைவிடப் பெரிய கவலை சீமைக் கருவேலம். அதன் நெற்று இனிப்பு. மான், குதிரை எல்லாம் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுவிடுகின்றன. புல்வெளி முள்காடானால் வெட்டவெளி மான் எங்கே போகும்?

ஐயா, வேதாரண்யம் வழியில் வரலாற்று இடம் ஏதாவது பார்க்க முடியுமா?

அகத்தியம்பள்ளியில் கட்டாயம் இறங்குங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பு அள்ளிக் கைதானார். நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றும் உப்பளங்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்துபவர், சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்தார்; சிறைக்கும் போனார். பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளை அந்த இடத்தில் நின்று சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகளோடு நடக்கக் கஷ்டமான பாதையா?

ஏற்றமே கிடையாது. காட்டிலேயே மேடான இடம் ராமர் பாதம். அதுவும் ஒரு சின்ன மணல்மேடுதான். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. வனத்துறை அனுமதி வாங்கிவிட்டு விடிந்ததும் நடங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். கோடைவிடுமுறையில் போனால் பாலைப்பழம் கண்ணில் படும். பறிக்காமல் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.

சோழர் காலக் கலங்கரை விளக்கம் இன்னும் இருக்கிறதா?

2004 சுனாமியில் விழுந்துவிட்டது.

பூநாரைகளை ட்ரோனில் எடுக்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. ஒரு பறவை மிரண்டால் கூட்டமே எழும்பிவிடும். பைனாகுலர் கொண்டுபோங்கள். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்றைக் காலால் கலக்கிக் கலக்கி, குட்டி குட்டி உயிர்களை வடித்துத் தின்னும். அந்த இரையிலிருந்துதான் சிறகுக்கு இளஞ்சிவப்பு வருகிறது. குஞ்சுப் பருவம் தாண்டியும் சாம்பல் நிறமாக நிற்கும் இளம் பறவைகள் கூட்டத்துக்குள் இருக்கும், தேடிப் பாருங்கள்.