மறதி நோய் முற்றியவர்கள் திடீரென்று பழையபடி பேசினால், குணமாகிறார்கள் என்று அர்த்தமா?

இல்லை. ஆனால் அந்தத் தெளிவு உண்மையானது. பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு அல்சைமர். ஆறாவது ஆண்டில் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. சில நாள் என்னைத் தன் தம்பி என்று நினைப்பாள்; மற்ற நாட்களில் நான் யாரோ. மடியில் ஒரு துண்டை வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாகப் பகல் கழியும்.

ஒரு தை மாத மாலை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். துண்டு மடித்த கை நின்றது. "காம்போடு போடாதேடா, தொண்டையில் சிக்கும்" என்றாள். முறத்திலிருந்து ஓர் இணுக்கை எடுத்து, இரண்டு விரலால் உருவிக் காட்டினாள். பிறகு என் முகத்தையே பார்த்து, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்? ராத்திரி நான் உன்னைத் தூங்கவிடுவதில்லையா?" என்று கேட்டாள். பத்து மாதமாக ஒரு முழு வாக்கியம் பேசாதவள்.

அப்போது நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். ஓடிப்போய் வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். கைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது யார், சொல்லு, யார் இது" என்று விடாமல் கேட்டேன். அம்மாவின் கண்ணில் மிரட்சி வந்தது. கை மறுபடி துண்டைத் தேடியது. நான் கேட்டதால்தான் தெளிவு கலைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கிடைத்த இருபது நிமிடத்தில் பாதியை அவளுக்குத் தேர்வு வைத்தே வீணாக்கினேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

"அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும்" என்று சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். அந்தப் பேச்சு முழுக்கப் பொய்யும் இல்லை. மரணத்துக்குச் சற்று முன் வரும் இத்தகைய தெளிவுக்கு ஜெர்மனியைச் சேர்ந்த உயிரியலாளர் மைக்கேல் நாம் (Michael Nahm) என்பவர் 2009-ல் தனிப் பெயரே வைத்தார். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2018-ல் இதற்காக வல்லுநர்களைக் கூட்டிப் பேசியது. செல்கள் அழிந்துபோன மூளையில் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஆகவே ஒரு தெளிவான பொழுதைக் கண்டு நாள் குறிக்காதீர்கள். குணமாகிவிட்டது என்று மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி வகை மறதி நோயில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருவது இயல்பு. சிறுநீர்த் தொற்று போன்ற ஒன்றால் குழப்பம் கூடியிருந்து, அது சரியானதும் தெளிந்திருக்கவும் கூடும். எது என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை, நான் தலை வாரிவிடும்போது வந்தது. "அப்பா சாப்பிட்டாரா?" என்றாள். அப்பா இறந்து பதினொரு வருடம். வழக்கம்போல "சாப்பிட்டார் அம்மா" என்றேன்.

"பொய் சொல்லாதே. அவர்தான் போய்விட்டாரே."

இந்த முறை கைபேசியைத் தேடவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம் அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.