பாசறைப் பதில்கள்: படை எவ்வளவு நாள் தாங்கும்?

ராணுவத்தின் சப்ளைப் பிரிவில் பணியாற்றி சுபேதாராக ஓய்வுபெற்றவர், போரும் படையும் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: ரஷ்யா இத்தனை ஆயிரம் வீரர்களை இழந்துவிட்டது, இன்னும் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும் என்று 2022 முதல் படித்துக்கொண்டே இருக்கிறேன். படையெடுத்துப் போன ராணுவம் எவ்வளவு இழப்பைத் தாங்கும்? அதற்குக் கணக்கு ஏதாவது உண்டா, ஐயா?
— வாசகர், தேனி

பதில்: கணக்கு உண்டு என்று அடித்துச் சொல்கிறவர்கள் தொலைக்காட்சி விவாதங்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த எண் முப்பது சதவீதம். ஒரு பட்டாலியனில் நூற்றுக்கு முப்பது பேர் விழுந்துவிட்டால் அது சண்டைக்கு உதவாது என்பார்கள். பணியில் இருந்த காலத்தில் நானும் இந்த எண்ணைப் பெரிய அதிகாரிகள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். 1954இல் அமெரிக்காவில் டாரதி கிளார்க் என்ற ஆய்வாளர், இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் பட்டாலியன்கள் எவ்வளவு இழந்தபோது தளர்ந்தன என்று பதிவேடுகளை வைத்துப் பார்த்தார். எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் எண் அவருக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் இழந்ததும் நின்றுவிட்ட பட்டாலியனும் இருந்தது. நிறைய இழந்தும் முன்னே போன பட்டாலியனும் இருந்தது.

ஆனாலும் அந்த முப்பதுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர் என்று வையுங்கள். துப்பாக்கியோடு முன்னால் போகும் நான்கு கம்பெனிகளில் 480 பேர் இருப்பார்கள். மீதிப் பேர் லங்கர் என்கிற படைச் சமையற்கூடத்தில் ரொட்டி சுடுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், வயர்லெஸ்காரர்கள், குமாஸ்தாக்கள். 240 பேர் விழுந்தால் அவர்களில் பெரும்பாலோர் அந்த நான்கு கம்பெனிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். காகிதத்தில் முப்பது சதவீதம், முன்வரிசையில் ஏறக்குறைய பாதி. அதிலும் முதலில் விழுகிறவர்கள் முன்னே எழுந்து ஓடுகிற பிளட்டூன் தலைவர்களும் ஹவில்தார்களும்தான். ஒரு நல்ல ஹவில்தார் உருவாகப் பத்து ஆண்டு பிடிக்கும்.

ஆகவே விழுந்தவர் எண்ணிக்கையோடு, காலியான இடத்துக்கு யார் வந்தார், எத்தனை நாளில் வந்தார் என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு இது சாப்பாட்டுச் சீட்டிலேயே தெரிந்துவிடும். தளபதி தன் இழப்பை எப்படி வேண்டுமானாலும் எழுதி மேலே அனுப்பலாம். நாளைக்கு எத்தனை பேருக்கு ஆட்டா, பருப்பு என்று எங்களுக்கு எழுதுகிற சீட்டில் குறைத்து எழுதினால் பையன்கள் பட்டினி கிடப்பார்கள். கூட்டி எழுதினால் எங்கள் குமாஸ்தா விட மாட்டார்!

ரஷ்யாவின் சீட்டு நிரம்பிக்கொண்டே இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று இரண்டு லட்சத்துக்கும் குறைவான படையோடு நுழைந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கீவ் பகுதியை விட்டே விலக வேண்டியிருந்தது. அத்தோடு நின்றிருந்தால் நீங்கள் படித்த ஜோசியம் பலித்திருக்கும். செப்டம்பர் 21 அன்று புதின் மூன்று லட்சம் பேரைத் திரட்ட ஆணையிட்டார். வாக்னர் கூலிப்படை சிறைகளுக்குள் போய் ஆள் எடுத்தது. பக்முத் நகரைப் பிடிப்பதில் தன் ஆட்கள் 20,000 பேர் மாண்டார்கள், அவர்களில் பாதிப் பேர் கைதிகள் என்று அதன் தலைவர் பிரிகோஷினே 2023 மே மாதம் சொன்னார். பிறகு பணம். 2024 ஜூலையில் மாஸ்கோ நகர நிர்வாகம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட உடனேயே 19 லட்சம் ரூபிள் தருவதாக அறிவித்தது. ரஷ்யாவில் சராசரிச் சம்பளக்காரர் ஓராண்டு முழுதும் ஈட்டுவதைவிட அது அதிகம். இப்படி ஆள் சேர்க்கிற அரசு, நம் போன்றவர்கள் நினைக்கிற வேகத்தில் ஓயாது.

இன்னொன்று, தம்பி. பத்திரிகையில் வரும் பெரிய எண்களில் மாண்டவரும் காயம்பட்டவரும் சேர்ந்தே இருப்பார்கள். காயம்பட்டவர்களில் கணிசமானோர் திரும்பிப் போர்முனைக்கே வந்துவிடுவார்கள். இரண்டு முறை காயம்பட்டவர் இரண்டு முறை எண்ணப்படுவார்.

கேள்வி: நெப்போலியனின் படையை அழித்தது ரஷ்யப் பனி என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். சரிதானே?
— ஆசிரியை, காரைக்குடி

பதில்: பனியின் தலையில் எல்லாப் பழியையும் கட்டிவிட்டார்கள், அம்மா. பாவம் அது. வந்து சேர்ந்தபோது முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது.

நெப்போலியன் ரஷ்ய எல்லையில் ஓடிய நீமன் ஆற்றைக் கடந்தது 1812 ஜூன் 24 அன்று, நல்ல கோடைக் காலத்தில். ஷார்ல் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் இந்தப் படையெடுப்பை ஒரு படமாக வரைந்தார். கிடைத்தால் வகுப்பில் மாட்டி வையுங்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் 4,22,000 பேர் என்று அகலமான பட்டையாகத் தொடங்கும். மாஸ்கோவில் அது 1,00,000. திரும்பி ஆற்றுக்கு வரும்போது 10,000. வழியில் காவலுக்கும் பக்கவாட்டுக்கும் பிரித்து அனுப்பப்பட்டவர்களைக் கழித்தாலும், போகிற வழியிலேயே பட்டை எப்படி மெலிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மாஸ்கோவுக்குள் நுழைந்தது செப்டம்பர் 14. கடும் பனி தொடங்கியது நவம்பர் முதல் வாரத்தில்.

மாஸ்கோவை அடைவதற்கு முன் போரோடினோவில் செப்டம்பர் 7 அன்று ஒரே நாளில் அவர் பக்கம் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள். அது பெரிய எண். ஆனால் அதற்கு முன்பே வயிற்றுப்போக்கும், பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலும், பசி தாளாமல் படையை விட்டு ஓடியதும் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு பேரைத் தின்றுவிட்டன.

எனக்கு இந்தக் கதையில் குதிரைகள்தான் முக்கியம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை அவர் கூட்டிப் போனார். வேலை செய்யும் குதிரைக்குத் தானியமும் புல்லுமாக நாளுக்குப் பத்து கிலோவாவது வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: தினமும் 1,500 டன். இன்றைய கணக்கில் பத்து டன் லாரி 150. அதைச் சுமந்துபோகவும் குதிரைதான். அந்தக் குதிரைக்கும் பத்து கிலோ! அதனால் போகிற வழியில் வயலில் மேய்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஜூனில் கம்பு போன்ற அந்த ரை தானியம் முற்றவில்லை. பச்சைப் பயிரைத் தின்ற குதிரைகளுக்கு வயிறு உப்பியது. மாதக் கடைசியில் வில்னா (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) அருகே குளிர்ந்த மழை கொட்டியது. ஆயிரக்கணக்கான குதிரைகள் சாலையோரம் செத்து விழுந்தன. படையெடுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது வந்தது லாடச் சங்கடம். பனிக்கட்டியில் நடக்கும் குதிரைக்கு லாடத்தில் கூரான முனைகள் வேண்டும். படையின் குதிரைகளுக்கு வழவழப்பான கோடை லாடம். நெப்போலியனின் லாயத்துக்குப் பொறுப்பாளராக இருந்த கோலன்கூர், அதற்கு முன் நான்கு ஆண்டு ரஷ்யாவில் தூதராக இருந்தவர். அவர் அரச லாயத்தின் குதிரைகளுக்கு மட்டும் பனி லாடம் அடித்து வைத்திருந்தார். நான் மலைப் பகுதியில் கோவேறு கழுதைகளோடு வேலை பார்த்தவன். ஈரப்பாறையில் கால் வழுக்கிய கழுதை பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். கயிற்றை அவிழ்த்து இரு பக்கச் சுமையையும் இறக்கினால்தான் எழும். அதற்குள் பின்னால் வரிசை முழுதும் நின்றுவிடும். பனி உறைந்த சரிவில் பீரங்கி இழுக்கும் ஆறு குதிரைகளில் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீரங்கியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

பாடத்தில் சேர்க்க வேண்டிய பகுதி இனிமேல்தான். நெப்போலியன் பாரிஸ் திரும்பினார், சில மாதங்களில் லட்சக்கணக்கான இளைஞர்களைத் திரட்டினார். 1813 மே மாதம் லுட்சனிலும் பௌட்சனிலும் வென்றார். ஆனால் தோற்று ஓடிய எதிரியைத் துரத்திப் பிடிக்கக் குதிரைப்படை போதவில்லை. பையனைப் பிடித்து மூன்று மாதத்தில் சிப்பாய் ஆக்கிவிட முடியும். குதிரை பிறந்து, வளர்ந்து, சேணத்துக்குப் பழக ஆண்டுகள் ஆகும். எதிரிகள் தப்பிப் பெருகி அக்டோபரில் லைப்ஸிக்கில் அவரை முறித்தார்கள்.

கேள்வி: நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன். ஹிட்லரின் படை ரஷ்யாவில் திணறியதற்குத் தண்டவாள அகலம் காரணம் என்கிறார்கள். மூன்றரை அங்குல வித்தியாசம் இவ்வளவு பெரிய விஷயமா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: நம் ஊர் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்படுத்தியபோது எவ்வளவு காலம் போக்குவரத்து நின்றது என்று உங்களுக்குத் தெரியும். ஜெர்மானியருக்கு வேலை சுலபம்தான். சோவியத் அகலமான 1,524 மில்லிமீட்டரை ஜெர்மன் அகலமான 1,435 ஆக்க ஒரு தண்டவாளத்தை உள்ளே தள்ளி ஆணி அடித்தால் போதும். சிக்கல் தண்ணீரில் வந்தது. சோவியத் இன்ஜின்கள் பெரியவை, நிறையத் தண்ணீர் கொள்பவை. அதனால் தண்ணீர்த் தொட்டிகள் தூரம் தூரமாக இருந்தன. ஜெர்மன் இன்ஜின் அடுத்த தொட்டி வரைக்கும் தாங்கவில்லை. குளிர்காலத்தில் வெளியே ஓடிய குழாய்கள் உறைந்து வெடித்தன. வந்த கொஞ்ச ரயிலில் குண்டும் பெட்ரோலும் ஏற்றுவதா, கம்பளிக் கோட்டு ஏற்றுவதா என்று பார்த்துக் குண்டையே ஏற்றினார்கள். கோட்டுகள் போலந்துக் கிடங்கில் கிடந்தன. அந்த முடிவை எடுத்த சப்ளை அதிகாரியின் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

1941 ஜூன் 22இல் சுமார் முப்பது லட்சம் பேரோடு நுழைந்தவர்கள், நவம்பர் கடைசிக்குள் ஏழு லட்சத்துக்கு மேல் இழந்திருந்தார்கள். ஆனாலும் போர் 1945 மே வரை நடந்தது. அந்தப் படை உடனே விழவில்லை, ஆசையைச் சுருக்கிக்கொண்டது. முதல் ஆண்டில் லெனின்கிராட், மாஸ்கோ, உக்ரைன் என்று மூன்று திசையிலும் தாக்கியது. 1942இல் பெரிய தாக்குதல் தெற்கில் மட்டும், எண்ணெய் வயல்களையும் ஸ்டாலின்கிராடையும் நோக்கி. 1943இல் கூர்ஸ்க் அருகே தன் வரிசைக்குள் புடைத்து நின்ற ஒரே சோவியத் பகுதியை இரு பக்கமும் நறுக்குவதற்கு மேல் அதற்குத் திராணி இல்லை. படையெடுத்தவன் களைத்துவிட்டானா என்று தெரிந்துகொள்ள நான் பிண எண்ணிக்கைக்கு முன் வரைபடத்தைத்தான் பார்ப்பேன்: போன ஆண்டு எத்தனை திசையில் போனான், இந்த ஆண்டு எத்தனை? தேனி வாசகரும் இதைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் கீவ், கார்கிவ், கெர்சன் என்று மூன்று பக்கமும் பாய்ந்த ரஷ்யப் படை, பிறகு கிழக்கு உக்ரைனின் டொன்பாஸ் பகுதியில் ஊர் ஊராக நகர்ந்தது.

கேள்வி: பின்லாந்து சோவியத் படையை அடித்து விரட்டியதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?
— வாசகர், ஈரோடு

பதில்: எல்லோரும் பேசுகிறார்கள், பாதிக் கதையை மட்டும். 1939 நவம்பர் 30 அன்று தொடங்கிய போரில் டிசம்பர் முழுவதும் சோவியத் படை கேவலப்பட்டது. சுவோமுசல்மியில் காட்டுச் சாலையில் நீளமாக நின்ற படைப்பிரிவுகளைப் பின்லாந்தியர் சறுக்குக் கட்டையில் வந்து துண்டு துண்டாக நறுக்கினார்கள். ஸ்டாலின் நிறுத்தி, தளபதி திமொஷென்கோவிடம் பொறுப்பைக் கொடுத்து, பீரங்கிகளைக் குவித்து, பிப்ரவரியில் மறுபடி அடித்தார். மார்ச் 13 அன்று போர் முடிந்தபோது பின்லாந்து தன் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்திருந்தது. சோவியத் பக்கம் 1,26,000க்கும் மேல் மாண்டார்கள், பின்லாந்துப் பக்கம் சுமார் 25,000. ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் செத்தும் படையெடுத்தவனே கேட்ட நிலத்தை வாங்கிக்கொண்டு போனான்.

கேள்வி: அப்படியானால் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஏன் பின்வாங்கியது? அங்கே பத்து ஆண்டில் 15,000 பேர்தானே மாண்டார்கள்?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நல்ல கேள்வி. 1979 டிசம்பரில் போய் 1989 பிப்ரவரி 15இல் கடைசி வண்டி எல்லைப் பாலத்தைக் கடந்தது. சுமார் 15,000 என்பது சரியே. இதைப் போலப் பல மடங்கை முன்பு பின்லாந்தில் மூன்றரை மாதத்தில் தாங்கிய நாடு. வித்தியாசம், வீட்டில் இருந்தவர்களிடம் எதற்காக என்று சொல்ல முடிந்ததா என்பதில் இருந்தது. துத்தநாகப் பெட்டிகளில் உடல்கள் சத்தமில்லாமல் ஊருக்கு வந்தன. கோர்பசேவ் ஆட்சிக்கு வந்த பிறகு செலவையும் பயனையும் எடை போட்டு வெளியேறினார். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் எதிரிக்கு இருந்த புகலிடத்தை அவர்களால் அடைக்க முடியாததும் ஒரு காரணம்.

உங்களுக்கு யாரும் சொல்லாத எண் ஒன்று: அங்கே பணியாற்றிய ஆறு லட்சத்துச் சொச்சம் பேரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் படுத்தார்கள். மஞ்சள் காமாலை மட்டும் லட்சத்தைத் தாண்டியது, அடுத்து டைபாய்டு. கொதிக்க வைக்காத தண்ணீர், கழிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே சமையல், கை கழுவாத சமையல்காரர். எங்கள் டேங்கர்களில் பிளீச்சிங் பவுடர் கலக்கும்போது தண்ணீர் நாறுகிறது என்று முகம் சுளிக்கிற ஜவான்களிடம் நான் கத்தியிருக்கிறேன். காமாலையில் படுத்தவன் ஒன்றரை, இரண்டு மாதம் எழ மாட்டான். எதிரிக்கு ஒரு தோட்டாவும் செலவில்லை.

கேள்வி: இவ்வளவு சாவைப் பார்த்தும் வீரர்கள் ஏன் "போக மாட்டோம்" என்று சொல்வதில்லை?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: சொல்லியிருக்கிறார்கள், அம்மா. 1917 ஏப்ரல் 16 அன்று பிரெஞ்சுத் தளபதி நிவெல், இரண்டே நாளில் ஜெர்மன் வரிசையை உடைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தாக்கினார். உடைக்க முடியவில்லை, லட்சத்துக்கு மேல் விழுந்தார்கள். அடுத்த வாரங்களில் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளில் ஏறக்குறைய பாதியில் கீழ்ப்படியாமை பரவியது. கவனியுங்கள், பெரும்பாலோர் ஓடவில்லை. பதுங்குகுழியைக் காப்போம், எதிரி வந்தால் சுடுவோம், பயனில்லாத தாக்குதலுக்கு மட்டும் எழ மாட்டோம் என்றார்கள். சொந்த மண்ணில் நின்றவர்கள் என்பதால் அந்த அளவோடு நின்றது. அந்நிய மண்ணில் நிற்கிற படையில் இது வந்தால் தளபதிக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

நிவெலை அகற்றி பெத்தான் என்ற தளபதியைப் போட்டார்கள். அவர் சிலரைச் சுட்டுக்கொல்லவும் செய்தார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் படையை மீட்டது அதுவல்ல என்பது என் எண்ணம். பெரிய தாக்குதல்களை நிறுத்தினார், லீவு முறையாகக் கிடைக்கச் செய்தார், சூடான சாப்பாடு முன்வரிசைக்குப் போகிறதா என்று பார்த்தார். லீவுக்குப் போகிற சிப்பாய் ரயில் நிலையத்தில் தரையில் கிடக்காமல் இருக்கப் படுக்கையும் உணவும் ஏற்பாடு செய்தார். ஆயுதக் கண்காட்சிக்குப் போகிற அமைச்சர்கள் ஒரு முறை லங்கருக்கும் போய்ப் பருப்பில் கரண்டியை விட்டுப் பார்க்கலாம்.