பயங்கரவாதி என்று எழுதலாமா? கேள்வி பதில்

கலைக்களஞ்சியக் கட்டுரைகளைத் திருத்துவதில் பல வருடங்கள் போய்விட்டன. அதில் அதிகம் சண்டை நடப்பது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

குண்டு வைத்து ஆட்களைக் கொன்றவனைப் பயங்கரவாதி என்று எழுத என்ன தயக்கம்? பயமா?

பயமில்லை. ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 1946 ஜூலை 22, ஜெருசலேம், கிங் டேவிட் ஹோட்டல். பிரிட்டிஷ் நிர்வாக அலுவலகங்கள் இயங்கிய பகுதியில் இர்குன் என்ற யூத ஆயுத அமைப்பு குண்டு வைத்தது, 91 பேர் இறந்தார்கள். பிரிட்டன் அதைப் பயங்கரவாதம் என்றது, இர்குனோ முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்தோம் என்றது. அந்த அமைப்பின் தலைவர் மெனாகெம் பெகின் 1977-ல் இஸ்ரேலின் பிரதமரானார், அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். இவ்வளவையும் எழுதிவிட்டால் அந்த ஒற்றைச் சொல் இல்லாமலே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். சொல்லை மட்டும் போட்டுவிட்டு 91 பேரை விட்டுவிட்டால்தான் குறை.

ஐ.நா. சபையே வரையறுத்திருக்குமே, அதை எடுத்துக்கொள்ளலாமே?

எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வரையறை இன்று வரை இல்லை. 1996-ல் இதற்கென்று தனிக் குழு அமைத்தார்கள், இந்தியாவும் அதே வருடம் ஒரு சர்வதேச ஒப்பந்த வரைவைக் கொடுத்தது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுபவர்களைச் சேர்ப்பதா, அரசுப் படைகள் செய்வதைச் சேர்ப்பதா என்ற இரண்டு இடத்திலும் பேச்சு முட்டி நிற்கிறது. 1988-லேயே ஷ்மிட், யோங்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 109 வரையறைகளைச் சேகரித்துவிட்டார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் தனக்கென்று அளவுகோல் வைத்திருக்கிறது, ஆனால் அரசுகள் செய்யும் வன்முறை அதற்குள் வராது. ஆகவே, “அந்தத் தரவுத்தளம் இதைப் பயங்கரவாதமாகப் பதிந்துள்ளது” என்று எழுதலாம், அதையே நம் தீர்ப்பாக எழுத முடியாது.

அப்படியானால் ‘போராளி’ என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது, அங்கேதான் தமிழில் சிக்கலே. ‘போராளி’யில் பாராட்டு ஒட்டியிருக்கிறது. ‘தீவிரவாதி’ என்றால் கொஞ்சம் மென்மை என்று நினைத்துப் பலர் மாற்றுகிறார்கள், ஆனால் நம் செய்தித்தாள்கள் அதையும் ‘பயங்கரவாதி’யையும் ஒரே பொருளில்தான் எழுதுகின்றன, ஒரே செய்திக்குள் இரண்டும் மாறி மாறி வரும். சாவைக் குறிக்கும் சொற்களையும் கவனியுங்கள்: ஒரு தரப்புக்கு ‘வீரச்சாவு’, இன்னொரு தரப்புக்கு ‘பலி’, மூன்றாவது தரப்புக்கு ‘ஒழிக்கப்பட்டனர்’. நான் எல்லோருக்கும் ‘கொல்லப்பட்டனர்’ என்றே எழுதுவேன். ஆளைக் குறிக்க ‘ஆயுதக் குழு உறுப்பினர்’, ‘துப்பாக்கியால் சுட்டவர்’, ‘குண்டு வைத்தவர்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் செய்த காரியம் அதிலேயே இருக்கிறது.

மேற்கோள் குறிக்குள் போட்டால்?

வேண்டாம். அது “நான் நம்பவில்லை” என்று சொல்வது மாதிரி. சொன்னவர் பெயரைப் போடுங்கள், போதும்.

அண்ணா, விடுதலைப் புலிகள் கட்டுரையில் தினமும் ஒருவர் மாற்றுகிறார், இன்னொருவர் திருப்புகிறார். நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

முதல் வரியில் தனி நாடு கேட்டு ஆயுதப் போர் நடத்திய அமைப்பு என்று எழுதுவேன். அடுத்து, இந்தியா 1992-ல் தடை செய்தது, அமெரிக்கா 1997-ல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் சேர்த்தது. 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பட்டியலிடலை ரத்து செய்தது நடைமுறைக் காரணத்துக்காக, அமைப்பு எப்படிப்பட்டது என்று அது தீர்ப்பு சொல்லவில்லை. இதை அரைகுறையாக எழுதி “நீதிமன்றமே விடுவித்துவிட்டது” என்று போடுவதை நான் பல தடவை திருத்தியிருக்கிறேன். 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியில் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் பொதுமக்கள் செத்ததும் கட்டுரையில் வர வேண்டும். 2009-ல் மருத்துவமனைகள் மீது அரசுப் படை ஷெல் அடித்ததாக வந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னதும் போரைப் பற்றிய கட்டுரையில் அதே தெளிவோடு வர வேண்டும். இரண்டில் எதைப் படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது, அதற்காக ஒன்றை மங்கலாக எழுதக் கூடாது.

பகத் சிங்கைப் போய் அப்படி எழுதினார்களே, அதையும் நியாயப்படுத்துவீர்களா?

2016-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்பட்டு வந்த ஒரு வரலாற்று நூலில் ‘புரட்சிகரப் பயங்கரவாதம்’ என்று இருந்ததால் வந்த சர்ச்சையைக் கேட்கிறீர்கள். அந்தக் காலத்துப் புரட்சியாளர்களே தங்கள் வழிமுறைக்கு ‘டெரரிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1790-களில் பிரான்சில் அது பிறந்தபோது, அரசாங்கம் குடிமக்கள் மீது ஏவிய பயங்கரத்துக்குத்தான் பெயர். சொல்லின் பொருள் இப்படி நகர்ந்திருக்கும்போது பழைய சொல்லை இன்றைய வாசகரிடம் விளக்கமில்லாமல் நீட்டினால் அது வேறு பொருளில்தான் போய்ச் சேரும். நான் ‘புரட்சியாளர்’ என்று எழுதி, 1929-ல் மத்திய சட்டசபையில் குண்டு வீசியதை அடுத்த வரியில் வைப்பேன்.

கட்டுரை சரி, கட்டுரைகளை வகைபிரித்து அடுக்கும் பகுப்புகளில் என்ன செய்வது?

அதுதான் எனக்கு அதிகக் கவலை. கட்டுரைக்குள் “இவர் இப்படிச் சொல்கிறார்” என்று எழுத இடம் உண்டு, பகுப்பில் அதற்கு இடமே இல்லை, ‘பயங்கரவாதிகள்’ என்று போட்டால் போட்டதுதான். அதனால் ‘அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்த அமைப்புகள்’ மாதிரி, யார் செய்தது என்பது பெயரிலேயே வரும் பகுப்பை மட்டும் வையுங்கள். அப்புறம், பட்டியல்கள் மாறும். நேபாள மாவோயிஸ்ட் கட்சியை அமெரிக்கா 2012-ல் நீக்கியது, மண்டேலாவின் பெயரை அவர்களுடைய கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுக்க 2008 வரை ஆனது. நீங்கள் பார்க்கும் கட்டுரைகளில் நீக்கிய ஆண்டு விடுபட்டிருந்தால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.