சாய்க்கோவ்ஸ்கியின் செரினேட்: எந்தப் பதிவைக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

இளையராஜாவின் வயலின்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த வழியில்தான் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கி தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் எழுதிய, நான்கு பகுதிகள் கொண்ட ‘செரினேட் ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’ அறிமுகமானது. யூடியூபில் தேடினால் அதற்கு எத்தனையோ பதிவுகள். நடத்துநர் கரயானுடையதில் பெரும்படையே வாசிக்கிறது. இன்னொரு நடத்துநர் மாரினருடையதில் ஒரு சிறு குழுதான். ஒரு பாலே நடனக் காணொளியில் கடைசி இரண்டு பகுதிகளின் வரிசையே மாறியிருக்கிறது. எதைச் சரியானது என்று எடுத்துக்கொள்வது? நண்பர் ஒருவரோ “இது வெறும் இனிப்பு, அசல் சாய்க்கோவ்ஸ்கி 1812 ஓவர்ச்சரில்தான் இருக்கிறார்” என்கிறார்.

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

முதலில் உங்கள் நண்பர். அந்த ஓவர்ச்சரும் (முழு இசைக்குழுவுக்கான ஒரே பகுதிப் படைப்பு) இந்த செரினேடும் 1880இல் ஒரே இலையுதிர்காலத்தில் எழுதப்பட்டவை. ஓவர்ச்சர் கேட்டு எழுதி வாங்கப்பட்டது. தன் புரவலர் நாதெஷ்தா வான் மெக்குக்கு எழுதிய கடிதத்தில், அது பெருஞ்சத்தமாக இருக்கும், பிரியமில்லாமல்தான் எழுதினேன், கலை மதிப்பு ஒன்றும் இருக்காது என்கிறார் சாய்க்கோவ்ஸ்கி. செரினேட் மட்டும் உள்ளிருந்து வந்தது என்கிறார். நண்பர் இனி வழக்காட வேண்டியது சாய்க்கோவ்ஸ்கியிடம்.

எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்பதிலும் அவர் சொல் இருக்கிறது. ஆட்கள் கூடக்கூடத் தன் விருப்பத்துக்கு நெருங்கிவரும் என்று ஸ்கோரிலேயே, அதாவது இசையை எழுதிய ஏட்டிலேயே, குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். ஆக, சட்டப்படி பார்த்தால் வெற்றி கரயானுக்கு. 1966இல் பெர்லினில் இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவானது அது. முதல் பகுதியின் தொடக்கத்தில் வயலின்களும், அவற்றைவிடச் சற்றே பெரிய வயோலாக்களும் ஒரே வில்லால் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கின்றன. இருக்கும் ஆட்களைப் போல இரண்டு பங்கு ஆட்கள் வாசிக்கிற மாதிரி கேட்கும். பெர்லின் பில்ஹார்மோனிக் அதை வாசித்து, தேவாலயச் சுவர்களும் சேர்ந்துகொண்டால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தத் தொடக்கத்தை அடுத்து வரும் வேகப்பகுதி மொசார்ட்டுக்கு வைத்த வணக்கம். அவர் பாணியை வேண்டுமென்றே பின்பற்றினேன் என்று சாய்க்கோவ்ஸ்கியே எழுதியிருக்கிறார். கரயான் அங்கேயும் அதே கனத்தோடுதான் நடக்கிறார். அறுபதுகளின் கடைசியில் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் அகாதமியை வைத்து மாரினர் செய்த பதிவை இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது மெட்டில் துள்ளி ஓடும் சின்னச் சின்ன ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். மேலே வயலின் சொன்னதைக் கீழ்த்தந்திகள் வாங்கிக்கொள்வதும் தெரியும். மாரினர் வயலின்காரராக இருந்து வந்தவர், அந்த உள்வேலை அவருக்குத் தெரியாமல் போகாது.

இரண்டாவது பகுதி வால்ட்ஸ் என்ற நடன இசை. அதை விட்டுவிடலாம், அது யார் வாசித்தாலும் கெடாது. 1881இல் பீட்டர்ஸ்பர்க் அரங்கேற்றத்திலேயே அதை மறுபடி வாசிக்க வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது பகுதியான எலிஜியில்தான், அந்தச் சோகப் பாட்டில்தான், ஆள் தெரியும். கீழே மற்றவர்கள் விரலால் தந்தியைச் சுண்ட, மேலே வயலின்கள் பாடுகின்றன. பிறகு அந்தப் பாட்டு தாழ்ந்த தந்திகளுக்கு இறங்குகிறது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து பார்பிரோலி 1964இல் செய்த பதிவில் இந்த இறக்கத்தை மட்டும் கேளுங்கள். அவர் இளமையில் தாழ்ந்த குரல் கொண்ட செலோவை வாசித்தவர். செலோக்காரர்களை அவசரப்படுத்துவதில்லை, மூச்சு வாங்க இடம் விடுகிறார். உணர்ச்சியை அதிகமாகப் பிழிகிறார் என்று அவர்மேல் ஒரு புகார் உண்டு. இருக்கட்டும், எலிஜியைக் கைகட்டி நின்று வாசிப்பவர்களைவிட அது மேல்.

பழைய ருசி வேண்டுமென்றால் மெங்கல்பெர்க் நடத்திய ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபவ் இசைக்குழு, 1938. நம் வயலின்காரர்கள் ஜாரு பிடிப்பதுபோல அந்தக் குழு முழுவதும் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். பின்னால் வந்த மேற்கத்திய இசைக்குழுக்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. தினம் கேட்க முடியாது, ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும்.

ஒரு பதிவைப் பரீட்சிக்க நான் போய் நிற்கும் இடம் கடைசிப் பகுதியின் முடிவு. இந்தப் பகுதி இரண்டு ரஷ்ய நாட்டுப்பாடல்களால் ஆனது. இரண்டாவது பாட்டை வைத்து ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், திடீரென்று முதல் பகுதியின் தொடக்க இசை அதே கம்பீரத்தோடு திரும்பி வருகிறது. வந்தது மெல்ல வேகமெடுத்து, நம் கண்முன்னாலேயே அந்த நாட்டுப்பாடலாக மாறிவிடுகிறது. இரண்டும் மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும் ஒரே ஸ்வரங்கள்தான். கம்பீரமாக நடந்ததும் குதித்து ஆடியதும் ஒருவரே. பல பதிவுகளில் இங்கே பிரேக் போட்டு மறுபடி கிளப்புவதுதான் கேட்கிறது, மாறுவது கேட்பதில்லை. பார்பிரோலியிடம் மாறுகிறது, மாரினரிடமும் மாறுகிறது. கரயானிடம் பிரமிப்புதான் மிஞ்சுகிறது. ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு பார்பிரோலி.

பட்டியலில் சேராத ஒன்று ஜப்பானிய நடத்துநர் ஒசாவா. 2010இல் புற்றுநோய் அறுவைசிகிச்சைக்குப் பிறகு, ஜப்பானின் மாட்சுமோட்டோ விழாவில், அவர் முதல் பகுதியை மட்டும் நடத்தினார். அதற்குத்தான் உடம்பு இடம் கொடுத்தது. பதிவுகளை ஒப்பிடும் கணக்கில் அதைச் சேர்க்க மனம் வரவில்லை.

நீங்கள் பார்த்த பாலே பாலன்ஷீன் அமைத்ததாக இருக்கும். 1934இல் அமெரிக்காவில் தன் பள்ளி மாணவர்களை வைத்து அவர் முதலில் மேடையேற்றியது. எலிஜியில் முடிய வேண்டும் என்பதற்காக ரஷ்ய ஆட்டமான கடைசிப் பகுதியை அதற்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார். மேடையில் அது பிரமாதம். ஆனால் பிளேலிஸ்டில் அந்த வரிசையை வைக்காதீர்கள். தொடக்க இசை திரும்பி வரும் அந்த இடம், எல்லாம் முடிவதற்கு ஒரு பகுதி முன்பே வந்து போய்விடும்.