வாசகர் கேள்வி: தெரிந்ததைப் படிக்க ஒரு பாடமா?

கேள்வி: கலைப்பீடத்துக்குத் தெரிவாகியுள்ள என் மகள் சமூகவியல் படிக்க விரும்புகிறாள். கல்யாணம், சீதனம், சடங்கு எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள்தானே? அவற்றில் படிக்க என்ன இருக்கிறது?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்: தெரிந்தவைதாம், ஆனால் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் தடுமாறிப் போவோம். நீங்கள் குறிப்பிட்ட சீதனத்தையே எடுத்துக்கொள்வோம். கிழக்கில் பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென்று வீடு கட்டிக் கொடுப்பதும், மணமுடித்தவர் அங்கே வந்து குடியிருப்பதும் பரவலான வழக்கம். மகள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அத்திவாரம் போட்டு, காசு சேரச் சேரச் சுவரெழுப்பும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழரிடமும் கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் காணப்படுவதால், 'எங்கள் சமயம் அப்படி' என்ற விடை போதாமற் போகிறது. காணியுரிமை, தாய்வழி உறவு, அயற்சமூகங்கள் நெடுங்காலம் கலந்து வாழ்ந்தமை எனக் காரணங்களை வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது. அந்தத் தேடலே சமூகவியலின் வேலை.

தனி ஒருவர் உண்டாக்காமலே ஒவ்வொருவரையும் வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் இத்தகைய வழக்கங்களைப் பிரெஞ்சு அறிஞர் எமில் டேர்க்கைம் 1895இல் வெளியான தமது நூலில் 'சமூக உண்மைகள்' என்று வகுத்தார். வீடில்லாமல் சம்பந்தம் பேச முடியாதென்று ஒரு தகப்பன் கடன்படும்போது அந்தக் கட்டுப்பாடு கண்கூடாகிறது. அவரை மட்டும் கடிந்துகொள்வது, என் பார்வையில், ஆராயவேண்டியதை ஆராயாமல் விடுவதாகும்.

பண்பாட்டைப் பற்றிய ஆய்வும் இதை ஒட்டியதே. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என மனிதர் சமூகத்தில் வாழ்ந்து பெறும் அனைத்தும் பண்பாடு என்று ஆங்கிலேய மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871இல் வரையறுத்தார். அவ்வாறாயின் கோணேசர் கோயில் திருவிழாவைப் போலவே, கரைவலையில் பட்ட மீனை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் வலை இழுத்தவர்களும் பங்கிடும் முறையும் பண்பாடுதான். (நம் கலைவிழா மேடைகளில் அது பரதநாட்டியத்தோடு நின்றுவிடுவது வேறு கதை.)

படிக்கும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி. முதலாம் உலகப்போர்க் காலத்தில், இன்றைய பாப்புவா நியூகினியைச் சேர்ந்த திரோபிரியண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் சொல்வதையும் செய்வதையும் தனித்தனியே கவனித்தார். விரிவுரைகள் தொடங்குமுன் உங்கள் மகளும் இதைச் செய்து பார்க்கலாம்: 'நாங்கள் சீதனம் கேட்கவே இல்லை' என்று சொல்லும் வீடுகளில், காணி உறுதி யாருடைய பெயரில், எப்போது எழுதப்பட்டது என்று பக்குவமாக விசாரிக்கட்டும்.