பெர்த் நகரில் ஆடிப்பட்டம் ஏன் பலிப்பதில்லை?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு வடக்கே ஜூண்டலப் பகுதியில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஊர் வழக்கப்படி ஆடி பிறந்ததும் வெண்டை, கத்தரி விதைகளை ஊன்றினார். மழையும் நன்றாகவே பெய்தது. ஆனாலும் வெண்டை மண்ணிலேயே அழுகிவிட்டது. கத்தரி ஆறு வாரமாகியும் விரல் உயரத்தைத் தாண்டவில்லை. சென்ற கோடையில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் செடிகள் வாடின. அவரை பந்தல் நிறையப் படர்ந்தும் பூக்கவில்லை. கறிவேப்பிலை மஞ்சளடித்து நிற்கிறது. எதை எந்த மாதத்தில் விதைப்பது?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. ஆடிப்பட்டம் என்பது மழையை வைத்துப் போட்ட கணக்கு. தமிழ்நாட்டுச் சமவெளியில் வெப்பத்துக்கு எந்த மாதத்திலும் பஞ்சமில்லை. ஈரம் எப்போது கிடைக்கும் என்று பார்த்து விதைத்தால் போதும். பெர்த்தில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து வருவதே இல்லை. அங்கே ஆண்டுக்குச் சுமார் 730 மி.மீ. மழை பெய்கிறது, அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர் மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் விதை ஊன்றிய ஜூலையில் இரவு வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி. மண் 20 டிகிரிக்காவது சூடேறாவிட்டால் வெண்டை விதை முளைக்கத் தயங்கும். குளிர்ந்த ஈரமண்ணில் அது கிடக்கும் ஒவ்வொரு நாளும் பூஞ்சைக்கே வசதி.

இந்த வகைக் காலநிலைக்கு மத்தியதரைக் கடல் காலநிலை என்று பெயர். அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளைத் தவிர கலிஃபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு, தெற்குப் பகுதிகள் ஆகியவற்றில் மட்டுமே இதைக் காணலாம். கோடையில் காற்றழுத்தம் மிகுந்த உயர் அழுத்தப் பட்டை தெற்கே நகர்ந்து மழையைத் தடுத்துவிடுகிறது. பாலைவனத்திலிருந்து கிழக்குக் காற்று வீசுகிறது. பிற்பகலில் ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று ஊரார் அழைக்கும் கடற்காற்று வந்தால் செடியும் மனிதரும் பிழைப்பார்கள். வராத நாள்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. 2022 ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள்கள் அப்படித் தாண்டியது. குளிர்காலத்தில் அந்தப் பட்டை வடக்கே விலகுவதால், தென்மேற்குக் கடலில் உருவாகும் குளிர்முகங்கள், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்புகள், மழையுடன் கரையேறுகின்றன.

ஆகவே ஒரே தோட்டத்துக்கு இரண்டு பட்டங்களை வகுத்துக்கொள்ளுங்கள். நம் சந்தைப் பேச்சில் ‘இங்கிலீஷ் காய்’, ‘நாட்டுக்காய்’ என்று பிரிப்போமே, அந்தப் பிரிவே இங்கே அப்படியே பொருந்துகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் தோட்டம் ஊட்டி. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கல், முள்ளங்கி, பட்டாணி ஆகியவற்றோடு வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் அப்போது செழிக்கும். கொத்தமல்லியைக் கோடையில் விதைத்தால் இலை விடுவதற்குள் பூவெடுத்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை உங்கள் தோட்டம் மதுரை, ஆனால் மழையே இல்லாத மதுரை. வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கன் விதைகளை அக்டோபர் பாதிக்கு மேல் நேரடியாக ஊன்றலாம். தண்டுக்கீரைக்கு அங்குள்ள வெயில் மிகவும் பிடிக்கும். கத்தரி, மிளகாய் விதைகளை மட்டும் ஆகஸ்டிலேயே வீட்டுக்குள் தட்டில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அக்டோபரில் நாற்றாக நடுவது நல்லது. கோடை ஆறே மாதம் என்பதால் நாற்று வயதை வீட்டுக்குள் கழித்துவிடுவது பெரிய லாபம்.

அவரையின் சிக்கல் வேறு. நம் நாட்டு ரகங்கள் பல, பகல்பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்த கொடி தையில் காய்த்துத் தள்ளுவது அதனால்தான். பெர்த்தில் டிசம்பரில் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. அக்டோபரில் ஊன்றிய கொடி அத்தனை மாதமும் இலையை மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கும். அதே விதையை ஜனவரியில் ஊன்றிப் பாருங்கள். பகல் நன்றாகக் குறைந்துவிடும் மார்ச், ஏப்ரலில் பூவைத்து, குளிர் இறுகுவதற்குள் காய் தரும்.

கோடைத் தண்ணீர் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். காய்ந்த பாத்தியில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி உற்றுப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்ததுபோல் தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு, மேலே தூசி ஒட்டிக்கொண்டு, பள்ளமான பக்கம் உருண்டோடினால், விரலால் ஓர் அங்குலம் கிளறிப் பாருங்கள். உள்ளே மாவுபோல் உலர்ந்த மணல் இருக்கும். மக்கிய செடிப்பொருள்களில் உள்ள மெழுகு மணற்பரல்களின்மேல் படிந்து, நீரை உள்ளே விடாமல் தள்ளுகிறது. பெர்த் அமைந்துள்ள கடலோரச் சமவெளி மணலுக்கே உரிய குணம் இது. இந்த நிலையில் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவதால் பயன் இல்லை. மண்ணில் நீரை இறக்கும் ஈரமூட்டிகள் நர்சரிகளில் கிடைக்கும். அது தற்காலிகத் தீர்வு. நிலையான தீர்வு, நீரைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் என்ற களிமண்ணையும் நன்கு மக்கிய தொழுவுரத்தையும் மணலில் கலப்பதுதான். ஒருமுறை கலந்து விட்டுவிடக் கூடாது. மணல் உரத்தை விரைவில் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு பட்டத்துக்கு முன்பும் மக்கு சேர்க்க வேண்டும். அதன்மேல் பெருவெட்டான மரச்சில்லு மூடாக்கைத் தண்டைத் தொடாமல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். பொடியான மூடாக்கு தானே நீரைக் குடித்துக்கொள்ளும்.

தெளிப்பான் பாசனத்துக்கு அங்கே விதிகள் உண்டு. வீட்டு எண்ணின் கடைசி இலக்கப்படி வாரத்தில் இரண்டு நாள்கள், காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போதான் தெளிக்கலாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தெளிப்பானுக்கே தடை. கையால் ஊற்றுவதற்குத் தடை இல்லை. 1970-களிலிருந்து அந்தப் பகுதியில் குளிர்கால மழை தெளிவாகக் குறைந்துவந்திருப்பதை நினைத்தால், இந்த விதிகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

கறிவேப்பிலைக்கு வருவோம். இளந்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால், அது இரும்புச் சத்துக் குறை. கடற்கரையை ஒட்டிய மணலில் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. வேர் எளிதாக எடுக்கக்கூடிய இரும்பு உரமான இரும்பு கீலேட்டை ஊற்றலாம், அல்லது செடியைத் தொட்டிக்கு மாற்றலாம். குளிர்காலத்தில் எல்லா இலையும் வெளிறுவது வெறும் குளிரால்; அப்போது உரமிட்டால் மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றை எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்லாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வாழக்கூடியது. ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லை. விதைகளையும் அங்கேயே வாங்குங்கள்.

இப்போது கையிலிருக்கும் கத்தரி நாற்றுகளைப் பிடுங்கி எறிய வேண்டாம். வேர் உடையாமல் தோண்டித் தொட்டிகளில் வைத்து, வடக்குப் பார்த்த செங்கல் சுவரோரம் நிறுத்துங்கள். அங்கே குளிர்காலச் சூரியன் வடக்கில் தாழ்வாகச் செல்வதால், பகலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் இரவில் செடிக்குக் கொடுக்கும். அக்டோபரில் அவற்றைப் பாத்திக்கு மாற்றுங்கள். மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலையையும் அன்றே கட்டிவிடுங்கள்.